ஒரு கோடும் பதினோரு கோடும்

ஷௌகத் அலிக்கு உட்காரத் தெரியாது. தட்டில் சோறு விழுந்தால் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மோர் வருவதற்குள் கை கழுவிவிடுவார். அவர் மனைவி சுக்ரா முதலில் சண்டை போட்டுப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். கிருஷ்ணகிரியில் அவருடைய அத்தாவுக்கு மாங்காய் மண்டி இருந்தது. மூத்த பிள்ளையை மண்டியில் உட்கார வைக்க அத்தா மூன்று சீசன் முயன்றார். அலி லாரியோடு தோட்டம் தோட்டமாகப் போய் வந்தாரே தவிர, மண்டியில் ஒரு முழுப் பகல் இருந்ததில்லை. 1976-ல் ஓசூரில், பாகலூர் ரோட்டில் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய காசநோய் மருந்தகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். மாத்திரை வாங்க வராத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பிடித்து வருகிற வேலை. ஒரு சைக்கிளும் கொடுத்தார்கள். அவர் கால்களுக்கென்றே செய்து வைத்த வேலை அது.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம் மாத்திரை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், கன்னத்தில் சதை பிடிக்கும். தேறிய ஆள் அப்புறம் மருந்தகம் இருக்கிற திசையிலேயே தலை வைத்துப் படுக்கமாட்டான். அலி அவனைத் தேடிப் போவார். கல் குவாரியில் தேடுவார், சாராயக் கடை வாசலில் தேடுவார், மாமியார் வீட்டில் ஒளிந்திருந்தாலும் விடமாட்டார். தமிழில் கெஞ்சுவார், தெலுங்கில் திட்டுவார், கன்னடத்தில் பயமுறுத்துவார். பதினேழு வருஷத்தில் ஓசூரே மாறிப்போனது. சிப்காட்டில் கம்பெனிக்கு மேல் கம்பெனி வந்தது. ஊத்தங்கரையிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சைக்கிள் போய் மொபெட் வந்தது. அலி மட்டும் மாறவில்லை.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், இந்த நோய் இங்கே யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். டாக்டரே அதை ஒருமுறை பாராட்டியிருந்தார். அந்தப் பாராட்டு அவர் தலையில் நன்றாகவே ஏறியிருந்தது.

1993 தை மாதம் மூக்கண்டப்பள்ளியில் அந்தப் பெருமைக்கு வேலை வந்தது. அங்கே மங்கம்மா என்கிற விதவைக்கு வரிசையாக எட்டு அறைகள் இருந்தன. எல்லாம் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டவை. மூன்றாவது அறையில் மூன்று பேர். மூத்தவர் சிங்காரப்பேட்டைக்காரர் கோவிந்தப்பன், வார்ப்படக் கம்பெனியில் ஃபிட்டர். மற்ற இருவருக்கும் அங்கே வேலை பிடித்துக் கொடுத்தவரும், ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்கும் சேர்த்துக் களி கிண்டுகிறவரும் அவர்தான். அடுத்தது திம்மராயன், தேன்கனிக்கோட்டைப் பக்கம், இருபத்திரண்டு வயது. மூன்றாவது கங்கப்பன். சாமல்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு வந்து மணல் அச்சு தட்டிக்கொண்டிருந்தான். அறை ஒன்று, சன்னல் ஒன்று, பாய் இரண்டு. காலை ஷிப்டுக்கு எழுந்து போகிறவனின் பாயில், ஷிப்ட் முடித்து வருகிறவன் அந்தச் சூடு ஆறுவதற்குள் படுத்துக்கொள்வான்.

திம்மராயன் இருமலில் ரத்தம் கண்டு மருந்தகத்துக்கு வந்தான். மற்ற இருவரின் சளியையும் வாங்கிப் பார்த்ததில் மூன்று பேருக்குமே கிருமி இருந்தது. கோவிந்தப்பன் பழைய நோயாளி. 1990-ல் அலியின் கையாலேயே ஒரு வருஷம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக் குணமானவர் என்று சிகிச்சை அட்டையை மூடியிருந்தார்கள். அவருக்கு மறுபடி வந்திருந்தது அலிக்குப் பொறுக்கவில்லை.

விசாரிக்க அறைக்குப் போனபோது எட்டு அறைக்காரர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். மங்கம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டாள். "எவுரு பாய் இத கொண்டாந்தது? எனக்குத் தெரிஞ்சாகணும். எட்டு ரூம்லயும் ஆளுங்க கீறாங்க."

அலி கங்கப்பனைப் பார்த்தார். "நீ வரும்போதே உனக்கு இருமல் இருந்துச்சா?"

"லேசா இருந்துச்சுங்க பாய். மணல் தூசுன்னு நெனச்சேன்."

"வீட்ல யாருக்காவது இருந்ததா?"

"எங்க சித்தப்பன் நெஞ்சு நோவுலதான் செத்தாரு."

அலிக்கு அது போதுமாயிருந்தது. "இவன் வந்த பின்னாலதான மத்த ரெண்டு பேருக்கும் வந்துருக்கு? இவன்கிட்டருந்துதாம்மா" என்றார். சொல்லிவிட்டு, யாரும் பயப்பட வேண்டாம், மாத்திரை சாப்பிட்டால் ஒட்டாது என்றெல்லாம் விளக்கினார். அந்த விளக்கத்தை ஒருவரும் கேட்கவில்லை. முதல் வாக்கியத்தோடு அவரவர் காது நிறைந்துவிட்டது.

பதினைந்து நாள் மாத்திரையோடு கங்கப்பன் போனவன், அடுத்த தவணைக்கு வரவில்லை. அலி மூக்கண்டப்பள்ளிக்கு ஓடினார். அவன் தகரப் பெட்டியை மங்கம்மா வெளியே எடுத்து வைத்துவிட்டதாகவும், கம்பெனி காண்ட்ராக்டர் காதுக்கும் விஷயம் போய் அவனை நிறுத்திவிட்டதாகவும் பக்கத்து அறைக்காரர் சொன்னார். அட்டையில் விலாசம் என்று 'சாமல்பட்டி' மட்டும்தான் இருந்தது. அலி அந்தப் பெயருக்கு இரண்டு கார்டு போட்டார். இரண்டும் திரும்பி வந்தன. ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு சாமல்பட்டி ஸ்டேஷனில் இறங்கி விசாரித்தார். கங்கப்பன் என்ற பெயரில் சுற்றுவட்டாரத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் நன்றாக இருந்தார்கள்.

அந்த வருஷம் மருந்தகத்துக்கு இன்னொரு வேலை வந்திருந்தது. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், எல்லைப் பகுதி நோயாளிகளின் கிருமிகள் எந்தெந்த மருந்துக்குச் சாகின்றன, எதற்குச் சாகவில்லை என்று பார்த்தார்கள். புதிதாகக் கிருமி கண்ட ஒவ்வொருவரின் சளியையும் ஐஸ் பெட்டியில் வைத்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அலிதான் போனார். கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளி செக்போஸ்டில் பஸ்ஸுக்குள் ஏறுகிற போலீஸ்காரர்கள் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "ஏனு இது?" என்பார்கள். "கஃபா சார். டி.பி. கஃபா. தெரெயலா?" சளிதான், திறக்கட்டுமா என்று கன்னடத்தில் கேட்டு அலி மூடியில் கை வைப்பார். போலீஸ்காரர்கள் ஏறியதைவிட வேகமாக இறங்குவார்கள். பக்கத்து சீட்டுக்காரரும் எழுந்து பின்னால் போய்விடுவார்.

ஆய்வுக்கூடத்தில் அவரிடம் குப்பிகளை வாங்குகிறவள் முனிலட்சுமி. ஆனேக்கல் பக்கத்துப் பெண். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் கன்னடம், தமிழைப் பக்கத்துத் தெருவில் கற்றுக்கொண்டவள். இந்தக் கிருமி அவசரப்படாது. முட்டை கலந்த பச்சைக் கூழில் ஊன்றி வைத்தால் வளர்ந்து கண்ணுக்குத் தெரிய ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். பிறகு அதை மருந்து கலந்த கூழில் இன்னொரு முறை வளர்க்க வேண்டும். அலிக்கு இந்தக் காத்திருப்பு ஆகவே ஆகாது. "எறும்பு கூட இத விட வேகமா குட்டி போடும் மேடம்" என்பார்.

ஜூன் மாதம் மூக்கண்டப்பள்ளி அறையின் முடிவு வந்தது. கோவிந்தப்பனின் கிருமிக்கு ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின் இரண்டும் ஏறவில்லை. காசநோய் மருந்துகளில் இரண்டு கைகளைப் போன்றவை அவை. திம்மராயனுக்கும் அதே கதை. ஐந்து மாதமாக இருவரும் ஒழுங்காக மாத்திரை விழுங்கியும் ஏன் எடை கூடவில்லை என்பது அப்போது விளங்கியது. கங்கப்பனின் கிருமியோ எல்லா மருந்துக்கும் செத்தது.

"திம்மராயனுக்கு இது மொத தடவ. முன்ன ஒரு மாத்திர தின்னவனில்ல. அவனுக்கு எப்பிடி மருந்து ஏறாம போகும்?" என்று அலி கேட்டார்.

"ஏறாத கிருமி இருக்கற ஆள்கிட்டருந்து அவனுக்கு வந்துருக்கணும்" என்றாள் முனிலட்சுமி. "அவசரப்படாதீங்க அலி அண்ணா. நான் கிருமியோட ஜாடையப் பாத்து சொல்றேன். டைம் ஆகும்."

அலிக்கு ஜூனிலேயே சந்தேகம் தட்டிவிட்டது. மேலும் வேகமாக நடந்தார், அவ்வளவுதான். அந்த மழைக்காலத்தில் அவருடைய மொபெட் இரண்டு முறை பஞ்சராகி, இரண்டு முறையும் தள்ளிக்கொண்டே மிச்ச வீடுகளைப் பார்த்து முடித்தார். சுக்ரா, "உங்கள யாரு தொரத்துறாங்க?" என்று கேட்டாள்.

நவம்பரில் முனிலட்சுமி அவரை உள்ளே கூப்பிட்டு, எக்ஸ்ரே படம் போன்ற ஒரு பிலிமை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அதில் மூன்று வரிசைகள். இரண்டு வரிசைகளில் மேலிருந்து கீழாகப் பதினோரு கறுப்புக் கோடுகள். ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்தால் படிக்குப் படி பொருந்தின. மூன்றாவது வரிசையில் ஒரே ஒரு கோடு.

"மைக்ராஸ்கோப்ல பாத்தா எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி செவப்புக் குச்சிதான் அண்ணா. உள்ளுக்குள்ள, அதோட மரபு இழையில ஒரு துண்டு இருக்குது. அது எடம் மாறி எடம் மாறி ஒக்காரும். எந்தெந்த எடத்துல, எத்தன தடவ ஒக்காந்துருக்குன்னு இந்தக் கோடு காட்டும். ஒரு வம்சத்துக் கிருமிக்கு ஒரே மாதிரி இருக்கும். வேற வம்சம்னா வேற மாதிரி."

"இந்த ரெண்டும்?"

"கோவிந்தப்பன், திம்மராயன். ஒரே வம்சம்."

"இந்த ஒத்தக் கோடு?"

"கங்கப்பன். நம்ம பக்கத்துக் கிராமங்கள்ல ரொம்ப நாளா இருக்கற கிருமி இது. பத்துப் பேருல நாலு பேருக்கு இதே ஒத்தக் கோடுதான் வருது. அதனால அவருக்கு யாருகிட்டருந்து வந்துச்சுன்னு இத வச்சு சொல்ல முடியாது. ஆனா அந்த ரூம்ல அவரு யாருக்கும் குடுக்கல. அது நிச்சயம்."

அலி நின்றுகொண்டுதான் இருந்தார். முனிலட்சுமி நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"கோவிந்தப்பனுக்குத் தொண்ணூறுல என்ன மருந்து குடுத்தீங்க?" என்று அவள் பேனாவை எடுத்தாள். ஆய்வுக்கு எழுதத்தான் கேட்டாள். அவரைக் குத்த வேண்டும் என்று கேட்கவில்லை.

"ரெண்டு மாசம் ஊசி. கூடவே ரெண்டு மாத்திர. அப்புறம் ரெண்டு மாத்திர மட்டும்." அலி நிறுத்தினார். "ஆறாவது மாசத்துலருந்து ஒரு மாத்திர வரல. நாலு மாசம் வரல. எழுதிப் போட்டோம், வரல. வந்த ஆள வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு, இருக்கற ஒண்ண மட்டும் குடுத்தேன்."

"ஐசோநயாசிட் மட்டும்?"

"ஆமா."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒரு ஆளு நெஞ்சுல கோடிக்கணக்குல கிருமி இருக்கும். அந்தக் கோடியில ரெண்டோ நாலோ பிறக்கும்போதே ஒரு மருந்துக்கு அடங்காததா பிறக்கும். ரெண்டு மருந்து சேத்துக் குடுத்தா, இது தப்பினத அது கொல்லும். ஒரே மருந்துன்னா மத்ததெல்லாம் செத்து அந்த நாலு மட்டும் நிக்கும். அப்புறம் வளர்றதெல்லாம் அதோட பிள்ளைங்கதான்."

அலி ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பஸ்ஸில் ஓசூர் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார இடம் நிறைய இருந்தது.

வீட்டில் சுக்ரா என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கங்கப்பனைக் குற்றம் சொன்னது, அவன் போனது, நாலு மாதம் ஒற்றை மாத்திரை கொடுத்தது. சுக்ரா நல்லவள், ஆனால் ஆறுதலுக்காகப் பொய் சொல்லத் தெரியாதவள்.

"மாத்திர வராதது உங்க தப்பில்ல. ஆனா அந்த மனுசன் மேல பழியப் போட்டது நீங்கதான. அத யாரும் உங்கள சொல்லச் சொல்லலியே" என்றாள்.

"அத எப்பிடி எடுக்கறது?"

"எப்பிடிப் போட்டீங்களோ அப்பிடித்தான். நாலு பேரு முன்னாடி."

அவர் மறுநாளே மூக்கண்டப்பள்ளிக்குப் போனார். திம்மராயன் ஷிப்டுக்குப் போயிருந்தான். கோவிந்தப்பன் வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சன்னலோரம் சுவரில் சாய்ந்து, பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அலிக்கும் ஒரே வயது. அலி பிலிமைப் பற்றிச் சொன்னார். கோவிந்தப்பனின் விரல்கள் நின்றன.

"அப்ப திம்மனுக்கு நானா பாய்?"

அலி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

கோவிந்தப்பன் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தார். பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்" என்றார். "தொண்ணூத்தொண்ணு கடசியிலயே இருமல் திரும்பிடுச்சு. உங்க மூஞ்சில எப்பிடி முழிக்கறதுன்னு இருந்துச்சு. நம்ம பாய் கையால சொஸ்தமான ஆளுன்னு என்னியக் காட்டித்தான மத்தவங்களுக்கு நீங்க சொல்லுவீங்க. அதான் மெடிக்கல் ஷாப்புல கேட்டு அந்தச் செவப்பு கேப்சூல் ரெண்டு மாசம் வாங்கிப் போட்டேன். மூத்திரம் செவப்பாப் போச்சு. சரி, நோய்தான் வெளிய போவுதுன்னு நெனச்சு நிறுத்திட்டேன்."

அந்தச் சிவப்பு கேப்சூல்தான் ரிஃபாம்பிசின். ஏற்கெனவே ஒரு கை விழுந்த உடம்பில் இரண்டாவது கையும் அப்படித்தான் விழுந்தது. அலி அதை விளக்கவில்லை. விளக்கி என்ன ஆகப்போகிறது.

"கங்கப்பன் இருக்கற எடம் உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"சாமல்பட்டின்னு சொல்லுவான். ஆனா அவன் பொண்டாட்டி ஊருலதான் இருந்தான். ரயில் கேட்ட தாண்டி தெக்க ஒரு கொட்டாய். மாமியா பேரு பவளம், புளி யாவாரம்." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். "சீக்கிரம் போங்க பாய். நான் அன்னைக்கு இந்த எடத்துலதான் ஒக்காந்துருந்தேன். நீங்க சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு வந்துச்சு. வாயத் தொறக்கல."

சாமல்பட்டியில் ரயில் கேட்டைத் தாண்டித் தெற்கே ஒன்றரை மைல் நடந்ததும் புளி தட்டுகிற ஓசை கேட்டது. வாசலில் இரண்டு பெண்கள். பவளமும் அவள் மகள் ராஜாத்தியும். ஓசூர் மருந்தகத்து ஆள் என்றதும் ராஜாத்தி எழுந்து, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இருக்காரா?" என்று அலி கேட்டார்.

அவள் கடலைக்காட்டின் கோடியைக் காட்டினாள். அங்கே தென்னங்கீற்றில் ஆளுயரத்துக்கு ஒரு குடிசை. பக்கத்தில் ஒரு தனிப் பானை, ஒரு தனித் தட்டு. கங்கப்பன் வெளியே வந்தான். சட்டை அவன்மேல் கொடியில் காய்கிற மாதிரி தொங்கியது. அலியைக் கண்டதும் அவன் இரண்டடி பின்னால் போய், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். கோபத்தில் அல்ல, அலிக்கு ஒட்டிவிடக் கூடாது என்று.

பத்து மாதமாக அங்கேதான் இருந்தான். ராஜாத்தி சோற்றை வரப்பில் வைத்துவிட்டுப் போவாள். அவள் போன பிறகு எடுத்துக்கொள்வான். குழந்தை நடக்கப் பழகியதைத் தூரத்திலிருந்து பார்த்தான்.

"மாத்திர ஏன் வாங்க வரல கங்கப்பா?"

"ரெண்டு பேருக்கு நோய ஏத்திவிட்டவன் எந்த மூஞ்சியோட அங்க வர்றது பாய்? கோவிந்தண்ணன் எனக்கு வேல வாங்கித் தந்தவரு. அவருக்கே குடுத்துட்டனே."

அலி கடலைக்காட்டில், செம்மண்ணில் அப்படியே உட்கார்ந்தார். "நீ குடுக்கல. பெங்களூருல உன் கிருமியப் பாத்தாங்க. அது வேற, அவங்களோடது வேற. உன்கிட்டருந்து அந்த ரூம்ல யாருக்கும் போகல. நான் சொன்னது தப்பு."

கங்கப்பனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "கிருமிய எப்பிடிப் பாத்தாங்க? எல்லாம் ஒண்ணுதான?"

"ஒண்ணில்ல. பாத்துட்டேன் நான். உன்னோடது ஒத்தக் கோடு. அவங்களுக்குப் பதினோரு கோடு."

அவன் துண்டை வாயிலிருந்து எடுத்தான். பிறகு மறுபடி வைத்துக்கொண்டு குனிந்து அழுதான். சத்தம் வெளியே வராமல் அழுதான், இருமல் வரும் என்ற பயத்தில். ராஜாத்தி வரப்பில் வந்து நின்றாள். "அப்ப புள்ளையத் தூக்கலாங்களா?" என்று அவன் கேட்டான்.

அலிக்கு அந்தக் கணத்தில் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் ஒருமுறை அவசரத்தில் சொன்னதற்குத்தான் இவன் இங்கே கிடந்தான்.

"இப்ப வேணாம்பா. அவங்களுக்கு நீ குடுக்கல. ஆனா உனக்கு நோய் இருக்குது, மருந்து சாப்பிடாம இருக்குது. ரெண்டு மாசம் மாத்திர விடாம சாப்பிடு. சளியப் பாக்கறேன். சுத்தமா இருந்தா நானே தூக்கிக் குடுக்கறேன். உன் கிருமிக்கு எல்லா மருந்தும் ஏறும். உனக்கு இது போயிடும்."

கங்கப்பன் தலையை மட்டும் ஆட்டினான். ராஜாத்திதான் கேள்விகள் கேட்டாள். எத்தனை மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, குழந்தையைச் சோதிக்க வேண்டுமா, அந்தப் பதினைந்து நாளில் போனது போல மூத்திரம் சிவப்பாகப் போனால் என்ன செய்வது. சிவப்பாகப் போகத்தான் போகும், அது மருந்தின் நிறம், அதைப் பார்த்து நிறுத்தக் கூடாது என்று அலி மூன்று முறை சொன்னார்.

அதற்குப் பிறகு, சிவப்பு கேப்சூல் சேர்ந்த புது முறைப்படி ஆறு மாதம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை அலி சாமல்பட்டிக்குப் போனார். குழந்தையின் நெஞ்சில் ஒன்றும் இல்லை. இரண்டாவது மாத முடிவில் சளி சுத்தமாக இருந்தது. அலி சொன்னபடி வந்து குழந்தையைத் தூக்கிக் கொடுத்தார். அது யாரோ ஒரு புது ஆள் என்று நினைத்து வீறிட்டு அழுது, அம்மாவிடம் தாவியது. கங்கப்பன் சிரித்தான். பழக இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

ஆனால் மூக்கண்டப்பள்ளிக் கணக்கு அதற்கு முன்பே, சாமல்பட்டியிலிருந்து திரும்பிய அடுத்த ஞாயிறே தீர்ந்துவிட்டது. காலை பத்து மணிக்குத்தான் அங்கே குழாயில் தண்ணீர் வரும். எட்டு அறைக்காரர்களும் குடத்தோடு நிற்பார்கள். அலி மொபெட்டை நிறுத்திவிட்டுக் குழாயடியில் நின்றார்.

"போன தையில நான் இங்க வந்து ஒண்ணு சொன்னேன். கங்கப்பன்தான் நோயக் கொண்டாந்தான்னு. அது பொய். சோதனையில தெரிஞ்சிடுச்சு. அவனால யாருக்கும் வரல. தெரியாம அவன் பேரக் கெடுத்தேன்."

குடங்களின் சத்தம் அடங்கியது. மங்கம்மா கேட்டாள். "அப்ப யாரு பாய்?"

மூன்றாவது அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே கோவிந்தப்பன் எழுந்து உட்கார்ந்ததை அலி பார்த்தார். திம்மராயன் குடத்தோடு வரிசையில் நின்றான். அவன் முகத்திலும் அதே கேள்விதான்.

"ஆளு பேரு கேக்காதீங்கம்மா. மூணு வருசம் முன்னாடி எங்க மருந்தகத்துல ரெண்டு மாத்திர குடுக்க வேண்டிய எடத்துல ஒண்ணுதான் இருந்துச்சு. ஒண்ணக் குடுத்து அனுப்பினது நான். அங்கருந்து வந்தது இது. யாரு பேரையாவது சொல்லியே ஆகணும்னா ஷௌகத் அலின்னு சொல்லிக்குங்க."

மங்கம்மா, "நான் அவன் பெட்டிய வெளிய வச்சேனே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தண்ணீர் வந்துவிட்டது. ஆட்கள் குடத்தை வைத்தார்கள். அன்று மாலையே கோவிந்தப்பன் திம்மராயனைக் கூப்பிட்டுத் தானே சொல்லிவிட்டார் என்று அலிக்குப் பிற்பாடு தெரியவந்தது. திம்மராயன் ஒரு வாரம் அவரோடு பேசவில்லையாம். பிறகு வழக்கம்போல வெந்நீர் வைத்துக் கொடுத்தானாம்.

அவர்கள் இருவருக்கும் வேறு மருந்துகள் வேண்டும். அவை மருந்தகத்தில் கிடையாது. முனிலட்சுமி பெங்களூரில் ஒரு நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் சொல்லி இருவரையும் சேர்த்துவிட்டாள். தினமும் ஊசி, தின்றதெல்லாம் வாந்தியாக வருகிற மாத்திரை. திம்மராயன் இருபத்திரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, ஒரு காது மந்தமாகி, உயிரோடு வெளியே வந்தான். கோவிந்தப்பனுக்கு இரண்டு நுரையீரலும் முன்பே ஓட்டையாகியிருந்தது. 1994 ஆடியில் இறந்தார். சிங்காரப்பேட்டைக்கு உடலைக் கொண்டுபோன வண்டியில் அலியும் திம்மராயனும் போனார்கள். கங்கப்பன் சாமல்பட்டியிலிருந்து வந்து, மற்றவர்களோடு சேர்ந்து பாடை தூக்கினான்.

அந்தச் சாவுக்குப் பிறகு அலி ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரரானார். ஒற்றை மாத்திரையை யாருக்கும் கொடுக்கமாட்டார். 1995-ல் மறுபடி ஒரு மருந்து தீர்ந்தது. இருப்பதைக் கொடுத்து அனுப்பும்படி மேலதிகாரி சொன்னார். அலி அலமாரிச் சாவியை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு தர்மபுரிக்குப் பஸ் ஏறினார். அங்கே மாவட்டக் காசநோய் அலுவலகத்தின் வராந்தாவில் இரண்டு நாள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். அந்த நடையைப் பார்த்துப் பார்த்துத் தலைசுற்றியோ என்னவோ, மூன்றாம் நாள் இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கொடுத்து அனுப்பினார்கள்.

யாரிடமிருந்து வந்தது என்று அவர் அதற்கப்புறம் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. கேட்டால், "சோதன வரட்டும்" என்பார். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. முனிலட்சுமி சேர்த்துக்கொண்டே போன பிலிம்களில், 1996-க்குள் அதே பதினோரு கோடு இன்னும் ஐந்து பேரிடம் தெரிந்தது. இரண்டு பேர் அதே வார்ப்படக் கம்பெனி. ஒருவர் அந்தக் கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருந்தவர். மற்ற இருவர் எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில், கோவிந்தப்பனைக் கண்ணாலும் பாராதவர்கள். அவர்களுக்கும் அவருக்கும் நடுவே எவரோ இருந்திருக்க வேண்டும். இருமிக்கொண்டு, பஸ் ஏறி இறங்கிக்கொண்டு, மருந்தகத்துக்கு வராத யாரோ ஒருவர்.

அந்த ஒருவரைத் தேடித்தான் அலி அடுத்த வருஷமெல்லாம் அலைந்தார். அத்திப்பள்ளி லாரி ஷெட்டுகளில் கேட்டார், சந்தாபுரா வரை போனார். சுக்ரா ஒரு நாள் அவர் கையில் டிபன் டப்பாவைத் திணித்து, "எங்கியாவது ஒரு எடத்துல ஒக்காந்து சாப்பிடுங்க" என்றாள். சரி என்றார். அன்று மத்தியானம் அத்திப்பள்ளி பஸ் ஸ்டாண்டில், எதிரே இரண்டு பேர் பீடி பிடித்தபடி இருமுவதைக் கண்டு, மூடி திறந்த டப்பாவை அப்படியே மூடிவிட்டு எழுந்தார். நீண்ட நாளாகத் தெரிந்தவர் போல அவர்கள் பக்கத்தில் போய் நின்று, "எஷ்டு தினதிந்த இதே கெம்மு?" என்று, இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என விசாரிக்க ஆரம்பித்தார்.